கர்னாலிக்குப் போகும் நண்பனுக்கு: அந்த நான்கு துண்டு ராட் வேண்டாம்

போன வாரம் நண்பன் அழைத்தான். மார்ச் மாதம் நேபாளம் போகிறான், கர்னாலி ஆற்றில் லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) போட்டு மாசீர் என்ற மீனைப் பிடிக்க. நான் வைத்திருக்கும் அதே நான்கு துண்டுப் பயண ராட், அதாவது பிரித்து எடுத்துப்போகும் தூண்டில் கம்பு, இப்போது மூன்றில் ஒரு பங்கு விலை குறைந்திருக்கிறதாம். "வாங்கிவிடவா?" என்றான். "வேண்டாம்" என்றேன். சற்று நேரம் அவன் பேசவே இல்லை. ஆறு ஆண்டுகளாக அந்த ராடை நான் ஊர் ஊராகத் தூக்கிப் போவதைப் பார்த்தவன் அவன். அதை நான் புகழ்ந்ததையும் கேட்டவன். ஒற்றைச் சொல்லில் மறுத்துவிட்டுப் போனை வைத்தது சரியில்லை என்று பட்டது. அதனால் இதை எழுதுகிறேன்.

நீளம், தாங்கும் எடை எல்லாம் உறையிலேயே அச்சாகி இருக்கின்றன, அவற்றை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது துண்டுகள் இணையும் மூட்டுகளில் மூன்றாவது பற்றி. கைப்பிடியிலிருந்து எண்ணினால் மூன்றாவது, நுனித் துண்டு வந்து செருகும் இடம்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்ல ராட். பிரித்து அடுக்கினால் 65 செ.மீ. நீளம்தான். சூட்கேஸில் சட்டைகளுக்கு நடுவே குறுக்காகப் படுத்துக்கொள்ளும். முதல் பயணத்தில் உடன் வந்தவர் இரண்டு மீட்டர் குழாயில் ஒற்றைத் துண்டு ராட் கொண்டுவந்தார். காத்மாண்டுவிலிருந்து நேபாள்கஞ்ச் போகும் சிறிய விமானத்தில் அந்தக் குழாயை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அது வந்து சேர்வதற்குள் அவருடைய ஆறு நாட்களில் இரண்டு நாள் போய்விட்டது. நான் முதல் நாள் மாலையே மணல் திட்டில் நின்று வீசிக்கொண்டிருந்தேன்.

வளைவையும் சொல்லாமல் இருக்க முடியாது. நான்கு துண்டு என்றால் மூட்டுகளில் விறைத்து நின்று நடுநடுவே முறிந்து வளையும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மீன் இழுக்கும்போது நுனியிலிருந்து கைப்பிடி வரைக்கும் ஒரே வில்லாக வளைகிறது. துண்டு துண்டாகச் சேர்த்தது என்பதே கைக்குத் தெரியாது.

மாசீர் கெண்டை இனம். ஆனால் குளத்துக் கெண்டையை நினைத்துக்கொண்டு போகிறவரின் கை வலிக்கும். நேபாளத்தில் இதை சஹர் என்கிறார்கள். தாடையில் ஒரு பல்கூடக் கிடையாது, பற்கள் எல்லாம் தொண்டைக்குள். அங்கே போய்ச் சிக்கும் கொக்கியை நசுக்கிவிடும். நேபாளத்துக்குள் 507 கி.மீ. ஓடும் கர்னாலி அந்நாட்டின் மிக நீளமான ஆறு. சிசாபானியில் மலை இடுக்கைவிட்டு வெளியே வந்ததும் கெருவா, கௌரியாலா என்று இரண்டாகப் பிரிகிறது. அந்த வேகத்தில் பிறந்து வளர்ந்த மீன், லூரைக் கவ்வியதும் யோசிக்காமல் நீரோட்டத்தோடு கீழே பாயும். முதல் ஓட்டத்தில் நூறு மீட்டர் நூல் போனாலும் ஆச்சரியமில்லை. நூல் சுற்றியிருக்கும் ரீலின் சத்தம் மட்டும் காதில் இருக்கும், நாம் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த மீனுக்காக அவ்வளவு தூரம் போவதன் காரணம் அவனுக்கும் தெரியும். நம் காவிரியின் திமில் மாசீர் அழிவின் விளிம்பில் இருக்கிறது. அதைத் தூண்டிலில் தொட எனக்கு மனமில்லை. இமயமலை மாசீரும் அழியும் ஆபத்தில் உள்ள இனம்தான். அதனால்தான் அனுமதிச் சீட்டு வாங்கி, கொக்கியின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கி, பிடித்த மீனைத் தண்ணீரைவிட்டு எடுக்காமலே அனுப்பிவிடுகிறோம். ஆறு நாள் வீசினால் நல்ல மீன் இரண்டு முறை கவ்வும், சில பயணங்களில் ஒரே ஒரு முறை.

அப்படி ஒருமுறை கவ்வும்போது மூட்டு ஆடக்கூடாது.

இந்த ராடில் கீழ்த் துண்டின் வாயில் ஒரு சிறு கார்பன் தண்டு ஒட்டப்பட்டிருக்கிறது. மேல் துண்டு அதன்மேல் இறுக்கமாக இறங்கும். புதிதாக இருக்கும்போது இரண்டு துண்டுகளின் விளிம்புக்கும் நடுவே சிறிய இடைவெளி தெரியும். அதைக் குறை என்று எண்ணவேண்டாம், தேய்மானத்துக்காக விட்ட இடம் அது. தண்டு தேயத் தேய மேல் துண்டு இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி இறுகிக்கொள்ளும். இடைவெளி முழுவதும் தீர்ந்துவிட்டால் இறங்க இடமில்லை, பிறகு மூட்டு இறுகாது. என் ராடில் முதல் இரண்டு மூட்டுகளிலும் அந்த இடைவெளி இன்றுவரை அப்படியே இருக்கிறது. மூன்றாவதில் இரண்டாம் ஆண்டிலேயே நகக்கண் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆழத்தில் இறங்கும் லூர் நீரோட்டத்தில் ஓயாமல் அதிரும். அந்த அதிர்வும் ஒவ்வொரு வீச்சின் திருகலும் சேர்ந்து நுனித் துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிவிடும். இருபது இருபத்தைந்து வீச்சுக்கு ஒருமுறை நிறுத்தி, ராடின் மேல் நூல் ஓடும் வளையங்கள் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்து, திருகி அழுத்தவேண்டும். மெழுகுவத்தியைத் தண்டின்மேல் தேய்த்தால் பிடிப்பு நாற்பது வீச்சு வரை நிற்கும். மின்வேலைக்கு ஒட்டும் டேப்பைச் சுற்றிப் பார்த்தேன், வெயிலில் பசை இளகிவிட்டது.

மூன்றாவது பயணம், நான்காம் நாள் மாலை. தெளிந்த சிற்றாறு ஒன்று கலங்கலான பெரிய ஆற்றோடு சேரும் இடம். வேக நீரும் நிதான நீரும் உரசிக்கொள்ளும் கோட்டைக் கடந்து லூர் வந்தபோது மீன் கவ்வியது. அந்த வேகத்திலேயே ஓடியது. மூன்றாவது மூட்டு கால் சுற்று திரும்பியதைக் கையிலேயே உணர்ந்தேன். நூல் வளையத்தின் பக்கவாட்டில் இழுபட்டது. காய்ந்த மூங்கில் பிளப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. நுனித் துண்டின் வாய் நான்கு செ.மீ. நீளத்துக்குப் பிளந்துவிட்டது. படகுக்கார அண்ணன் தண்ணீருக்குள் இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். இருவருமாகக் கரையோரம் ஓடினோம். பிளந்த கார்பன் விளிம்பில் பிரெய்டு நூல் (இழைகளைப் பின்னிய தூண்டில் நூல்) உரசி உரசி அறுந்தது. மீன் முகம்கூடக் காட்டவில்லை. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

நியாயமாகப் பேசினால் அதில் என் பங்கும் இருக்கிறது. பொழுது சாய்கிறது என்ற அவசரத்தில் கடைசி அரை மணி நேரம் மூட்டைச் சரிபார்க்கவில்லை. மதியம் துண்டுகளை மணலில் வைத்தேன், மணல் துகள் ஒட்டியிருந்தால் தண்டு அரத்தில் போட்டதுபோலத் தேயும். இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதித்தான் தயாரிப்பாளருக்குக் கடிதம் அனுப்பினேன். பயன்படுத்தியவரின் கவனக்குறைவு என்று இரண்டே வரியில் பதில் வந்தது. நுனித் துண்டைத் தனியாகத் தர முடியாதாம். கோபம் அங்கேதான் வந்தது. ஒரே ஒரு மூட்டு மட்டும் மற்ற இரண்டையும்விட வேகமாகத் தேய்கிறதே, ஏன் என்று கேட்டிருந்தேன். அதற்குப் பதிலே இல்லை.

சென்னையில் ராட் பழுதுபார்க்கும் ஒருவர் பிளவை ஒட்டி, மேலே நூல் சுற்றி, எபாக்சிப் பசை பூசிக் கொடுத்தார். தேய்ந்த தண்டையும் மாற்றினார். இடைவெளி மறுபடி வந்தது. அதற்குப் பிறகு ஒரு பயணம் போய்வந்தேன், மூட்டு ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அவருக்கு வந்த வேலை ஏன் தொழிற்சாலைக்கு வரவில்லை?

நண்பனுக்கு என் பதில் மாறவில்லை. மூன்று துண்டு ராட் வாங்கு. சூட்கேஸில் அடங்காது, தனி உறையும் கூடுதல் பணமும் ஆகும், ஆகட்டும். ஒரு மூட்டு குறைவது அந்த ஆற்றில் பெரிய விஷயம். எது வாங்கினாலும் மூட்டுகளை மணலில் வைக்காதே, பையில் ஒரு மெழுகுவத்தி போட்டுக்கொள், இருபது வீச்சுக்கு ஒருமுறை வளையங்களைப் பார்.

இவ்வளவையும் நேற்று போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் பழுதுபார்த்த உன் ராடை எனக்குக் கொடுத்துவிடு, மூட்டுதான் இப்போது சரியாகிவிட்டதே" என்றான். அதையும் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். நவம்பரில் நானும் போகிறேன்.