மடிநோய்க்கு ஹோமியோவா, கற்றாழையா, ட்யூபா?

கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு மடிநோய் புதிதல்ல. முந்தின நாள் சாயந்தரம் நன்றாகக் கறந்த மாடு காலையில் கிட்டவே விடாது. தொட்டால் ஒரு காம்பு மட்டும் சூடாகவும் கெட்டியாகவும் இருக்கும். பீய்ச்சினால் பால் திரிதிரியாக விழும், முற்றிவிட்டால் மஞ்சள் தண்ணீர்தான் வரும். அந்த நேரத்தில் கேட்டால் ஊரில் மூன்று யோசனை கிடைக்கும். ஒருவர் ஹோமியோ மருந்து கொடுக்கச் சொல்வார், ஒருவர் சோற்றுக் கற்றாழையை அரைத்துப் பூசச் சொல்வார், ஒருவர் டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போட்டுக் காம்புத் துளை வழியாக ஆன்டிபயாடிக் மருந்து ட்யூபை ஏற்றச் சொல்வார்.

எங்கள் கட்டுத்தரையில் கற்றாழைதான் முதல். காய்ச்சல் இருந்தாலோ, ஒரு நாளைக்குள் மடி இளகாவிட்டாலோ தாமதிக்காமல் டாக்டர். மடிநோய்க்கு ஹோமியோவை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. இதை எழுதுவது அந்த முடிவின் காரணங்களைச் சொல்லத்தான், அதனால் என் சாய்வு தெரிந்தே இருக்கட்டும்.

ஹோமியோவுக்கு ஆள் சேர்வதற்கு நியாயமான காரணம் உண்டு. விலை குறைவு. ஊசி குத்த வேண்டாம், வெல்லத்திலோ வாழைப்பழத்திலோ வைத்துக் கொடுத்தால் மாடு தின்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாலைக் கொட்ட வேண்டாம். ஆன்டிபயாடிக் போட்டால் லேபிளில் சொன்ன நாள் வரை அந்த மாட்டுப் பாலை விற்பனைக்கு ஊற்றக் கூடாது. ஊற்றினால் குடிப்பவருக்கு ஒவ்வாமை வரலாம், கிருமிகளும் மருந்துக்குப் பழகிப்போகும். வீட்டில் அந்தப் பாலை உறை ஊற்றிப் பார்த்தாலே தெரியும், தயிர் சரியாகத் தோயாது. 2018-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது 77-இல் ஆன்டிபயாடிக் மிச்சம் வரம்புக்கு மேல் இருந்தது. ஐரோப்பாவின் ஆர்கானிக் பண்ணைகளில் இந்த மருந்து போட்டால் வழக்கமான நாளைப் போல இரண்டு மடங்கு காலம் பாலை ஒதுக்க வேண்டும் என்றே விதி. அங்கே ஹோமியோ பரவியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

சரி, நோய் தீருமா? மடிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஃபைட்டோலக்கா, பெல்லடோனா, பிரையோனியா மூன்றும் செடியிலிருந்து எடுப்பவை. ஆனால் 30 வீரியம் என்றால் ஒரு பங்கு மருந்தை 99 பங்கு சாராயத்தில் கலந்து குலுக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கில் கலந்து, இப்படியே 30 தடவை செய்வது. 12 தடவை தாண்டும்போதே மூல மருந்தின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வழியில்லை. தாய்த் திராவகமாகவோ (இப்படி நீர்க்காத மூலச் சாறு) மிகக் குறைந்த வீரியத்திலோ வருபவற்றில் சரக்கு கொஞ்சம் இருக்கும், அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

"கொடுத்தேன், சரியாப் போச்சு" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. 2004-இல் நார்வேயில் வெளிவந்த ஆய்வு ஒன்றைப் பார்த்தால் அது புரியும். மடிநோய் கண்ட 57 மாடுகளைப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு ஹோமியோ, ஒரு கூட்டத்துக்கு மருந்தே இல்லாத வெற்று மருந்து, ஒரு கூட்டத்துக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். ஹோமியோ கூட்டத்திலும் வெற்று மருந்துக் கூட்டத்திலும் மூன்றில் இரண்டு பங்கு மாடுகள் 7 நாளுக்குள் தேறின. நோயின் கடுமை குறைந்ததை வைத்துப் பார்த்தால் ஆன்டிபயாடிக் வெற்று மருந்தைவிட மேல். ஹோமியோவுக்கும் வெற்று மருந்துக்கும் அப்படிச் சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. 28-ஆம் நாள் பார்த்தபோது மூன்று கூட்டமுமே சுமார்தான். சின்ன ஆய்வு, இதை வைத்து எல்லாம் முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மூன்றில் இரண்டு மாடு ஒன்றும் கொடுக்காமலே வாரத்துக்குள் தேறும் நோயில், எதைக் கொடுத்தாலும் பெயர் கொடுத்த மருந்துக்குத்தான் போகும்.

நாய்க்கும் இதே கதைதான். தீபாவளிக்கு வெடிச்சத்தம் கேட்டுக் கட்டிலுக்கடியில் நடுங்கும் நாய்க்கு ஹோமியோ சொட்டு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். வெடிக்குப் பயப்படும் 75 நாய்களை வைத்து இங்கிலாந்தில் செய்த ஆய்வு 2008-இல் வந்தது. எந்த நாய்க்கு மருந்து, எந்த நாய்க்கு வெற்று மருந்து என்று வளர்ப்பவர்களுக்குச் சொல்லவில்லை. இரண்டு பக்கத்திலும் நாய்க்குப் பயம் குறைந்துவிட்டதாகவே சொன்னார்கள், பக்கங்களுக்கு நடுவே வித்தியாசம் இல்லை. நாய்க்கு மருந்தைப் பற்றி எதுவும் தெரியாது, ஆனால் வளர்ப்பவர் நம்பிக்கையோடு பார்க்கிறார். அந்தப் பார்வையே மாறிவிடுகிறது.

வெடிக்குப் பயந்த நாய் பெரும்பாலும் நாலு நாளில் பழையபடி ஆகிவிடும். மாட்டுக்கு அப்படியில்லை, காம்பு போய்விடும். நான் முடிவெடுத்ததே இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

மடி நான்கு தனித்தனிப் பாகம். ஒன்றின் பால் இன்னொன்றுக்குப் போகாது. கிருமி ஒரு பாகத்தில் நின்றுவிட்டால் அங்கே பால் சுரக்கும் திசு செத்து, அந்த இடத்தில் தழும்பு கட்டிக்கொள்ளும். முழுக்கத் தழும்பாகிவிட்ட பாகம் அடுத்த ஈற்றிலும் கறக்காது. மொத்தப் பாலில் சுமார் 60 சதவீதம் பின்காம்பு இரண்டிலிருந்து வருகிறது. 12 லிட்டர் கறக்கிற மாட்டில் ஒரு பின்காம்பு அடைந்தால் 3 லிட்டருக்கு மேல் நஷ்டம். மற்ற காம்புகள் கொஞ்சம் ஈடுகட்டும், முழுக்க ஈடுகட்டாது. சந்தைக்குக் கொண்டுபோனால் வாங்க வருகிறவர் முதலில் குனிந்து நாலு காம்பையும் பீய்ச்சிப் பார்ப்பார். மூணு காம்பு மாடு என்று தெரிந்தவுடன் விலை இறங்கும். அதற்குப் பிறகு கண்ணைப் பற்றியோ கொம்பைப் பற்றியோ எவ்வளவு பெருமை பேசினாலும் ஏறாது. சினை மாடாக இருந்தாலும் அதே பேச்சுதான்.

ஆக, சில நாள் பாலைக் கொட்டுவது ஒரு தடவை நஷ்டம். காம்பு போவது அந்த மாடு இருக்கிறவரை நஷ்டம். பால் கொட்ட வேண்டாம் என்பதற்காக ஹோமியோ பக்கம் போகிறவர்கள் முதல் நஷ்டத்தை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். ஹோமியோ உருண்டையால் மாட்டுக்குக் கெடுதல் இல்லை. கெடுதல், அது வேலை செய்யுமா என்று காத்திருக்கும் நாட்களில்தான் இருக்கிறது. தானாகத் தேறாத அந்த மூன்றில் ஒரு மாடு நம்முடையதாக இருந்தால் அந்த நாட்களில் திசு செத்துக்கொண்டிருக்கும்.

இங்கே ஒருவர் கேட்கலாம்: கற்றாழைக்கும் காத்திருக்கத்தானே வேண்டும்? கேள்வி சரிதான். முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி வகுத்துப் பரப்பிய முறை இது. தேசியப் பால்வள வாரியமும் பால் சங்கங்கள் வழியாகக் கொண்டுசெல்கிறது. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு 15 கிராம். கற்றாழையின் ஓர முள்ளைச் சீவி, தோலோடு துண்டாக்கி, மூன்றையும் சேர்த்து அரைத்தால் செக்கச்சிவந்த விழுது கிடைக்கும். மடியைக் கழுவி, இருக்கிற பாலை முழுக்கப் பீய்ச்சி எடுத்துவிட்டு, கைப்பிடி விழுதை 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து மடி முழுக்கத் தடவ வேண்டும். ஒரு நாளைக்கு 10 தடவை வரை, 5 நாள். கூடவே தினம் இரண்டு எலுமிச்சம்பழத்தை நறுக்கி 3 நாள் தின்னக் கொடுக்க வேண்டும். பாலில் ரத்தம் கண்டால் கறிவேப்பிலையை வெல்லத்தோடு அரைத்து உள்ளுக்கும் கொடுக்கச் சொல்கிறார்கள்.

பத்துத் தடவை என்பதைப் பலர் இரண்டு தடவையாகக் குறைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் இந்த முறையின் பாதி பலம் போய்விடும். ஒவ்வொரு தடவையும் கழுவுகிறோம், பீய்ச்சுகிறோம். கெட்ட பாலும் கிருமியும் அது உண்டாக்கும் நஞ்சும் வெளியே போகின்றன. குணமாவதில் மஞ்சளின் பங்கு எவ்வளவு, பீய்ச்சியதன் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இதற்கான ஆதாரமும் பெரும்பாலும் களத்தில் பார்த்துப் பதிந்ததுதான். ஆனால் கையில் மடி இருக்கிறது என்பது பெரிய விஷயம். பத்துத் தடவை தொடுகிறவருக்கு வீக்கம் இறங்குகிறதா, ஏறுகிறதா, சூடு குறைகிறதா என்று அன்றைக்கு மத்தியானமே தெரிந்துவிடும். உருண்டையைக் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டால் சாயந்தரக் கறவையில்தான் மறுபடி மடியைத் தொடுவோம். கற்றாழைக்கும் காத்திருக்கிறோம், ஆனால் மடியைப் பார்த்துக்கொண்டே காத்திருக்கிறோம். எனக்கு இந்த வித்தியாசம் போதுமானதாக இருக்கிறது.

ட்யூப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தேவைப்படும்போது அதற்கு மாற்று இல்லை. தேவை எப்போது? மாடு தீனி எடுக்காமல் நடுங்கினால், காது சில்லிட்டிருந்தால், எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டால், காம்பு நீலம்பாய்ந்தோ கறுத்தோ குளிர்ந்திருந்தால். அது மடியோடு நிற்காத நோய். உயிரே போகலாம். அப்போது கற்றாழையை வெட்டிக்கொண்டிருக்காமல் டாக்டருக்கோ 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸுக்கோ போன் போடுங்கள். மருந்துக் கடையில் நாமே ட்யூப் வாங்கி ஏற்றும் பழக்கம் மட்டும் வேண்டாம். காம்பு நுனியைச் சுத்தமாகத் துடைக்காமல் ஏற்றினால் வெளியே இருக்கும் கிருமியை நாமே உள்ளே தள்ளுகிறோம். சொன்ன நாள் முழுக்கப் போடாமல், வீக்கம் வடிந்ததும் பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும்.

திரும்பத் திரும்ப அதே காம்பில் வருகிற மாடு தனி விஷயம். அதில் பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிருமி திசுவுக்குள் போய் ஒளிந்திருக்கும். அங்கே பூச்சும் எளிதில் எட்டாது, ஊசியும் எளிதில் எட்டாது. என் அனுபவமும் அதில் குறைவு. பாலைச் சுத்தமான குப்பியில் எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பரிசோதித்துவிட்டு டாக்டரோடு பேசி முடிவெடுப்பதே நல்லது. பால் வற்றவைக்கும்போது காம்பில் ஏற்றும் மருந்துக்குப் பலன் கூடுதல் என்பதால், சினை மாடாக இருந்தால் அதையும் கேளுங்கள். அந்த மாட்டைக் கடைசியாகக் கறங்கள், கறந்த கையைக் கழுவாமல் அடுத்த மாட்டைத் தொட வேண்டாம். மற்ற மாடுகளுக்கும் கறந்து முடித்ததும் தீனி போட்டு அரை மணி நேரம் நிற்கவைத்தால் காம்புத் துளை மூடுவதற்குள் சாணியில் படுக்காது. ஆட்டுக்கு இந்தக் கற்றாழைப் பூச்சை நான் போட்டுப் பார்த்ததில்லை, அதனால் ஆடு வைத்திருப்பவர்கள் அளவைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுவிட்டுப் போடுங்கள்.