ஆச்சரியக்குறியா, @ குறியா?

1980களில் அமெரிக்காவில் மின்னஞ்சல் முகவரியை இரண்டு விதமாக எழுதினார்கள். 1971இல் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பில் கொண்டுவந்தது @ முறை: பயனர் பெயர், @, கணினியின் பெயர். போய்ச் சேரும் இடத்தைச் சொன்னால் போதும், வழியை வலையமைப்பு பார்த்துக்கொள்ளும்.

யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடிய கணினிகளை டெலிபோன் வழியே இணைத்த யூயூசிபி முறை அப்படியில்லை. அங்கே போகும் வழிதான் முகவரி. கடிதம் கடக்கும் கணினிகளின் பெயர்களை வரிசையாக, நடுவில் ஆச்சரியக்குறி போட்டு எழுத வேண்டும்: அ!ஆ!இ!பயனர். 'அ' தன் பெயரை வெட்டிவிட்டு மிச்சத்தை 'ஆ'வுக்கு அனுப்பும், 'ஆ' அதேபோல 'இ'க்கு. பல கணினிகள் கட்டணம் குறைந்த இரவில்தான் டயல் செய்தன. அதனால் கடிதம் சேர நாள்கணக்கில் ஆகலாம். நடுவில் ஒன்று படுத்துவிட்டால் கடிதமும் அங்கேயே நிற்கும். இதைவிடத் தொல்லை, ஒரே ஆளின் முகவரி அனுப்புபவரின் இடத்தைப் பொறுத்து மாறும். அப்புறம் பாத்அலியாஸ் என்ற நிரல் வந்து வழியைக் கணக்கிட்டுக் கொடுத்தது.

எளிமையில் @ முறைக்கே என் ஓட்டு. ஆனாலும் யூயூசிபி மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அர்பாநெட்டில் சேர அமெரிக்க ராணுவ ஆராய்ச்சித் தொடர்பு வேண்டும். இதற்கோ ஒரு மோடமும், அழைப்பை ஏற்க இன்னொரு கணினியும் இருந்தால் போதும். 1983இல் கணினிகளுக்கு example.com போன்ற பெயர் தரும் டொமைன் பெயர் முறை வந்தது. பிறகு யூயூசிபி கணினிகளும் @ முகவரி வாங்கிக்கொண்டன.