உத்தரகாசியில் இரண்டரை வருடம்: முதல் கேள்வி "ரோடு திறந்திருக்கா?"

உத்தராகண்ட் மலையில் இருக்கும் உத்தரகாசிக்குக் குடிபோன முதல் ஜூலையில் நாலு நாள் தக்காளி வரவில்லை. கடைக்காரரிடம் கேட்டால், "ரோடு பந்த் ஹை, பைஜி" என்று ஒரே பதில். ரோடு அடைத்திருக்கிறது என்று அர்த்தம். பைஜி என்றால் அந்த ஊர் மொழியான கட்வாலியில் அண்ணன். காய்கறி, காஸ் சிலிண்டர், கூரியர், இன்டர்நெட் எல்லாமே அந்த ரோட்டைப் பிடித்துத்தான் தொங்குகின்றன.

இன்டர்நெட்டுமா என்பீர்கள். ஃபைபர் கேபிள் ரோட்டோரமாக வருகிறது. மண் சரிந்தால் அறுந்துவிடும். தப்பித்ததை, மண்ணை அள்ள வரும் ஜேசிபி அறுத்துவிடும். நான் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்ப்பவன். ஜியோ, பிஎஸ்என்எல் என்று இரண்டு சிம் வைத்திருந்தும், மழைக்காலத்தில் மாதம் இரண்டு நாளாவது வேலை கொடுத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

ரிஷிகேஷிலிருந்து சம்பா, தராசு வழியாக சுமார் 170 கிலோமீட்டர். நம் ஊரில் மூன்றரை மணி நேரத்தில் போகிற தூரம், அங்கே ஆறிலிருந்து எட்டு மணி நேரம். பஸ்கள் விடிகாலையிலேயே கிளம்பிவிடும், மதியத்துக்கு மேல் எதையும் நம்ப முடியாது. முந்தின இரவே ரிஷிகேஷில் தங்கிவிடுவது நல்லது. ஷேர் ஜீப் ஆள் நிறைந்தால்தான் நகரும். பின் சீட்டு மட்டும் வேண்டாம், வாந்தி நிச்சயம். டேராடூனிலிருந்து சுவாகோலி வழி தூரம் குறைவுதான், ஆனால் ஜனவரியில் மேலே ரோட்டில் பனி உறைந்து கிடக்கும். ஒருமுறை ஜீப்பின் பின் டயர் பள்ளத்துப் பக்கம் வழுக்கியதைப் பார்த்தபின், குளிர்காலத்தில் அந்தத் திசையில் தலைவைத்தும் படுக்கவில்லை.

வீடு தேடும்போது எல்லாருக்கும் பாகீரதி ஆற்றைப் பார்த்த பால்கனி வேண்டும். எனக்கும்தான். ஜோஷியாடா பக்கம் ஆற்றை ஒட்டி ஒரு மாடி பார்த்து, அட்வான்ஸ் கொடுக்கப் போனேன். 2012, 2013 வெள்ளங்களில் அந்தக் கரையில் எது எது போனது என்று எதிர்வீட்டுத் தாத்தா கையை நீட்டி நீட்டிக் காட்டினார். சரி, மலைப்பக்கம் போகலாமென்றால், 2003-ல் வருணாவத் மலை சரிந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கக் கட்டடங்களை நொறுக்கியிருக்கிறது. 1991 பூகம்பக் கதை வேறு, வயதானவர் ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கிறது. கடைசியில் ஆற்றுக்கும் மலைக்கும் நடுவே, எதுவுமே தெரியாத ஒரு சந்தில் குடியேறினேன். ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்கும். அது போதும்.

படித்துறையில் உட்காருகிறவர்களுக்கு ஒன்று: சைரன் ஊதினால் எழுந்து மேலே வந்துவிடுங்கள். மனேரி அணையில் தண்ணீர் திறக்கிறார்கள் என்று அர்த்தம். முதல் மாதம் முழுக்க நான் அதை ஏதோ ஆலைச் சங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உயரம் சுமார் 1,150 மீட்டர்தான், ஏற்காட்டைவிடக் குறைவு. அந்த நம்பிக்கையில் ஒரே ஒரு ஸ்வெட்டரோடு போனேன். ஏற்காட்டுக் கணக்கு அங்கே செல்லாது. டிசம்பரில் என் ஜன்னலுக்கு வெயில் வர ஒன்பதைத் தாண்டும், மூன்று மணிக்கெல்லாம் மலைக்குப் பின்னால் போய்விடும். தேங்காயெண்ணெய் பாட்டிலைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். தோசை மாவு இரண்டு நாளானாலும் பொங்காது. ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் பாத்திரத்தை வைத்துப் பார்த்தேன். மாவு பொங்கியது, ரஜாய்க்குள்ளேயே. கீசர் வாங்கினால் மட்டும் போதாது, கரண்ட் இருக்கும்போதே குளித்துவிடவும் பழகவேண்டும்.

சாப்பாட்டில் ஒரு சந்தோஷம். கஹத் தால் என்று தட்டில் வைத்ததை வாயில் போட்டதும் அட, நம்ம கொள்ளு! மண்டுவா ரொட்டி கேழ்வரகு, ஜங்கோரா குதிரைவாலி. ஹர்ஷிலிலிருந்து வரும் ராஜ்மா ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய பொருள். புளியும் நல்லெண்ணெயும் இங்கிருந்து எடுத்துப் போய்விடுங்கள்.

காய்ச்சலுக்கு மாவட்ட மருத்துவமனை உண்டு. பெரிதாக ஏதாவது என்றால் ரிஷிகேஷ் எய்ம்ஸ், இல்லை டேராடூன். அதாவது, மறுபடியும் ரோடு. தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு மாதத்துக்காவது கையில் வைத்திருங்கள்.

கங்கோத்ரி இன்னும் 100 கிலோமீட்டர் மேலே. அட்சய திருதியைக்குத் திறந்து தீபாவளியை ஒட்டிக் கோயில் மூடும். யாத்திரைக்கு முன்பதிவு கட்டாயம். மே, ஜூனில் ஊரே வண்டிக் கூட்டம், அறை வாடகை கேட்டால் திரும்பி நடக்கத் தோன்றும். என்னைக் கேட்டால் அக்டோபர் கடைசி. கோடையில் சிமெண்ட் கரைத்ததுபோல் ஓடும் ஆறு அப்போது பச்சையாகத் தெளிந்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் மட்டும் போகாதீர்கள். 2025 ஆகஸ்ட் 5 அன்று மேலே தராலி கிராமத்தை வெள்ளமும் சேறும் மூடியதற்கு அடுத்த நாட்களில் ஹெலிகாப்டர் சத்தத்தில்தான் எழுந்தோம். அந்த வாரம் யாரும் தக்காளியைப் பற்றிக் கேட்கவில்லை.

போன செப்டம்பரில் வீட்டைக் காலி செய்து கிளம்பினேன். தராசு தாண்டுவதற்கு முன்பே வரிசையாக வண்டிகள் நின்றன. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். ரோட்டோரத்தில் ஒரு பாட்டி, தடித்த மலை வெள்ளரியை நீளவாக்கில் பிளந்து, பச்சைமிளகாயும் பூண்டும் வைத்து அம்மியில் அரைத்த உப்பைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு நேரம் ஆகும், மாதாஜி?" என்று கேட்டேன். மலையைப் பார்த்தார், ஜேசிபியைப் பார்த்தார், இன்னொரு துண்டை வெட்டி என் கையில் வைத்தார்.