ஒரிஜினல் பி.எல்.லைக் கையை விட்டுக் கொடுத்துவிடாதீர்கள்: கரூரில் எனக்கு நடந்தது

கரூரில் ஒரு தையல் யூனிட் நடத்துகிறேன். 14 மெஷின், 3 ஓவர்லாக், ஒரு கட்டிங் டேபிள். கிச்சன் டவல், ஏப்ரன், பாட் ஹோல்டர் தைக்கிறோம். எட்டு வருடம் பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் மட்டும் செய்தோம். 2023-இல் முதல்முறையாக நேரடியாக வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பினேன். பி.எல். என்கிற பில் ஆஃப் லேடிங்கை, அதாவது கப்பலில் ஏற்றிய சரக்குக்கான உரிமைப் பத்திரத்தை, பணம் வரும் முன்பே விட்டுக் கொடுத்ததால் அதில் 9 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய் இன்றுவரை வரவில்லை. என்னைப் போன்ற சின்ன யூனிட்காரர்களைத்தான் இந்த ஆட்கள் தேடி வருகிறார்கள். அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

2022 நவம்பரில் கோவையில் ஒரு ஹோட்டலில் "சிறு உற்பத்தியாளர்களுக்கு ஏற்றுமதி வழிகாட்டல்" என்று இலவசக் கூட்டம் போட்டார்கள். மேடையில் பேசியவர் தன்னை ஏற்றுமதி ஆலோசகர் என்று சொன்னார். பிராங்பர்ட்டில் ஜனவரிதோறும் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சியில் எடுத்ததாகச் சில போட்டோக்களைக் காட்டினார். கரூர்க்காரர்களுக்கு அந்தக் கண்காட்சியின் பெயரைச் சொன்னாலே ஒரு மரியாதை. "பையரை நான் கொண்டு வர்றேன் மேடம், நீங்க தைச்சுக் குடுங்க, போதும்" என்றார். ஒன்றரை லட்சம் பேக்கேஜ், ஆர்டர் வந்தால் 5 சதவீதம் கமிஷன். கட்டினேன்.

பேக்கேஜில் முதல் வேலை "லைசென்ஸ்". அதற்கு 18,000 ரூபாய் என்று பில்லில் பிரித்துக் காட்டியிருந்தார். பிறகுதான் தெரிந்தது, ஏற்றுமதி செய்யத் தேவையான ஐ.இ.சி. எண்ணுக்கு, டி.ஜி.எப்.டி. என்கிற மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரக இணையதளத்தில் கட்டணம் 500 ரூபாய். நம் பான் எண்ணேதான் ஐ.இ.சி. எண். ஆதாரும் வங்கிக் கணக்கும் கையில் இருந்தால் வீட்டில் உட்கார்ந்தே எடுத்துவிடலாம். கைத்தறித் துணிக்காரர்களுக்குச் சென்னையில் கைத்தறி ஏற்றுமதி வளர்ச்சிக் கவுன்சில் இருக்கிறது. அங்கே உறுப்பினராகி, ஆர்.சி.எம்.சி. என்கிற உறுப்பினர் பதிவுச் சான்றிதழை நாமே வாங்கலாம். பையர்களைச் சந்திக்கக் கூட்டமும் கண்காட்சியும் அவர்களே நடத்துகிறார்கள். இந்தத் தகவல் எதுவும் அந்த ஹோட்டல் கூட்டத்தில் சொல்லப்படவில்லை. ஆனால் இதில் போன பணம் சின்னது.

பிப்ரவரியில் ஹாம்பர்க் பையர் ஒருவரிடமிருந்து சாம்பிள் ஆர்டர் வந்தது. 400 டாலர் முழுசாக முன்கூட்டியே வந்தது. கூரியரில் அனுப்பினோம். "தையல் நன்றாக இருக்கிறது" என்று மெயில். யூனிட்டில் எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தேன். மார்ச்சில் பெரிய ஆர்டர்: 16,800 டாலர், 210 கார்ட்டன், எப்.ஓ.பி. தூத்துக்குடி (அங்கே கப்பலில் ஏற்றும் வரை என் பொறுப்பு, கப்பல் கட்டணம் பையருடையது). 30 சதவீதம், அதாவது 5,040 டாலர் அட்வான்ஸ். அதுவும் சொன்ன தேதியில் வந்தது. ஆலோசகர் மொத்த ஆர்டருக்கும் சேர்த்துக் கமிஷனை அந்த அட்வான்ஸிலேயே எடுத்துக்கொண்டார்.

மீதிப் பணத்துக்கு டி.பி., அதாவது பணம் கட்டினால்தான் பத்திரம் என்று பேச்சு. பத்திரங்களை நம் வங்கி அவருடைய வங்கிக்கு அனுப்பும். அவர் பணம் கட்டினால்தான் ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங் அவர் கைக்குப் போகும். அதைக் காட்டினால்தான் ஹாம்பர்க்கில் சரக்கை எடுக்க முடியும். சரக்கு எங்கே இருந்தாலும் அதற்குச் சாவி அந்த பி.எல்.தான். என் மாமா முப்பது வருடம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பேக்கிங் பார்த்தவர். "கண்ணு, எவன் என்ன சொன்னாலும் பேப்பர பேங்க் வழியாவே அனுப்பு" என்று அப்போதே சொன்னார்.

எப்.ஓ.பி. என்பதால் பார்வர்டரை, அதாவது சரக்கைக் கப்பலில் அனுப்பி வைக்கும் ஏஜென்ட்டை, பையரே நியமித்தார். இதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பார்வர்டருக்குச் சரக்குக் கட்டணம் கொடுப்பவர் பையர். அவர் யாருக்கு வேலை செய்வார் என்று யோசித்திருக்க வேண்டும். ஒரு கன்டெய்னர் நிறையாத பகுதிச் சரக்கு என்பதால் எனக்குக் கிடைத்ததும் பார்வர்டர் போட்டுத் தரும் ஹவுஸ் பி.எல்.தான், கப்பல் கம்பெனியின் பி.எல். இல்லை. ஜூலையில் தூத்துக்குடியில் ஏற்றி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாற்றிப் போனது.

பி.எல்.லின் மூன்று ஒரிஜினலையும் கவரில் போட்டு வங்கிக்குக் கிளம்பத் தயாரானேன். ஆலோசகர் போன் செய்தார். "மேடம், பேங்க் வழியா போனா பத்து நாள் ஆகும், கப்பல் முன்னாடியே சேந்துடும், டெமரேஜ் (துறைமுகத் தாமதக் கட்டணம்) ஏறும். பொறுங்க, பையரே பணம் போடறேங்கறார்." நான் பொறுத்தேன். ஒரு வாரம், இரண்டு வாரம். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எப். வந்தது. வங்கி வழியாக வெளிநாட்டுப் பணம் அனுப்பியதைக் காட்டும் ஸ்விஃப்ட் எம்.டி.103 தாள், 11,760 டாலர், என் யூனிட் பெயர், என் வங்கிப் பெயர், எல்லாம் சரியாக இருந்தது. "பணம் அனுப்பியாச்சு, திங்கட்கிழமை கிரெடிட் ஆயிடும். பி.எல்.ல சரண்டர் பண்ணிடுங்க, சரக்கு ஹாம்பர்க்ல இறங்கிட்டிருக்கு" என்றார். பார்வர்டர் ஆபீசில் இருந்தும் போன்: "சரண்டர் லெட்டர் உங்க லெட்டர்பேடுல வேணும் மேடம்."

இரண்டே வரி. நானே டைப் செய்து, சீல் வைத்து, மூன்று ஒரிஜினலையும் சேர்த்து ஆள் அனுப்பிக் கொடுத்தேன். சரண்டர் என்றால் ஒரிஜினல் இல்லாமலே அங்கே சரக்கைக் கொடுத்துவிடலாம் என்று நாம் எழுதிக் கொடுப்பது. அதன் பிறகு நம் கையில் ஒன்றும் கிடையாது.

திங்கட்கிழமை பணம் வரவில்லை. புதன்கிழமை அந்தப் பேப்பரைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். பாரெக்ஸ் பார்க்கும் அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் கணக்கு எண்ணின் மேல் விரலை வைத்தார். நடுவில் மூன்று பூஜ்யம் வர வேண்டும். அதில் இரண்டுதான் இருந்தது. "ஏனுங்கம்மா, சரண்டர் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருக்கலாமில்லீங்களா? வெளிநாட்டு பேங்குல இருக்கற நம்ம பேங்கோட நாஸ்ட்ரோ கணக்குல விழுந்தாத்தானுங்க அது பணம். இது வெறும் காகிதமுங்க" என்றார்.

ஆகஸ்ட்டிலேயே சரக்கு எடுக்கப்பட்டுவிட்டது. முதலில் "வங்கி விசாரணையில் இருக்கிறது" என்று பையர் மெயில் போட்டார். பிறகு "நிறம் சரியில்லை, 40 சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார். பிறகு பதிலே இல்லை. ஆலோசகர் "அது உங்களுக்கும் பையருக்கும் உள்ள விஷயம்" என்று எழுதி அனுப்பினார். அவருக்கும் பையருக்கும் கூட்டு உண்டா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தப் பி.டி.எப். வந்தது அவர் எண்ணிலிருந்து. பி.எல்.லோடு வங்கிக்குக் கிளம்பிய என்னை நிறுத்தியதும் அவர்தான்.

பணம் போனதோடு முடிகிறது என்று நினைத்திருந்தேன். அப்போதைய விதிப்படி ஏற்றுமதிப் பணம் 9 மாதத்துக்குள் வந்தாக வேண்டும். வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் கணினிப் பதிவில் அந்த ஷிப்பிங் பில் (சுங்கத்தில் கொடுக்கும் ஏற்றுமதிப் படிவம்) நிலுவையாக நிற்கும். 2024 ஏப்ரலில் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. அந்தச் சரக்குக்கு வாங்கிய டிராபேக்கையும் (ஏற்றுமதிக்காகத் திருப்பித் தரும் சுங்க வரி) ஜி.எஸ்.டி. ரீபண்டையும் திருப்பிக் கட்ட வேண்டி வரும் என்று ஆடிட்டர் சொன்னபோது, படியில் உட்கார்ந்துவிட்டேன். ஏமாந்தவர்களுக்கு இப்படி ஒரு இரண்டாவது அடி இருப்பதை எந்தக் கூட்டத்திலும் யாரும் சொல்வதில்லை. கால நீட்டிப்புக்கு வங்கி வழியாகவே விண்ணப்பிக்கலாம். நான் விண்ணப்பித்திருக்கிறேன். டி.ஜி.எப்.டி. அலுவலகத்தில் வர்த்தகத் தகராறுப் புகாரும், ஹாம்பர்க்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கு மெயிலும் கொடுத்திருக்கிறேன். அவர்கள் பேசிப் பார்ப்பார்கள். வசூலித்துத் தரும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

இ.சி.ஜி.சி. பற்றி எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். 1957-இல் இருந்தே இருக்கும் மத்திய அரசு நிறுவனம். பையர் பணம் கட்டாமல் போனால் இழப்பின் பெரும்பகுதியைத் தரும் காப்பீடு, சிறு ஏற்றுமதியாளருக்கென்று தனி பாலிசியே உண்டு. பையர் பெயரைக் கொடுத்தால் அவரை விசாரித்து, எவ்வளவு வரை கவர் தரலாம் என்று சொல்வார்கள். அந்த விசாரணை ஒன்றே எனக்குப் போதுமாக இருந்திருக்கும். சரக்கு போன பிறகு போய்க் கேட்டேன், பழைய பில்லுக்குப் பாலிசி கிடையாது என்றார்கள். சரிதானே.

விமானத்தில் அனுப்புகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். விமானச் சரக்கு ரசீதான ஏர்வே பில் சரக்கின் உரிமைப் பத்திரமே அல்ல. அதில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம் சரக்கு போய்விடும், பத்திரம் வங்கியில் தூங்கிக்கொண்டிருந்தாலும். பையரின் வங்கியைக் கன்சைனியாக (சரக்கைப் பெறுபவராக) போடச் சொல்வார்கள். அதற்கு அந்த வங்கியின் சம்மதம் முன்கூட்டியே எழுத்தில் வேண்டும்.

மெஷின்கள் ஓடுகின்றன. பழையபடி ஜாப் ஒர்க். அந்த ஆர்டருக்குத் துணி கொடுத்த இரண்டு தறிக்காரர்களுக்கு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வருகிறேன். அவர்கள் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த ஆலோசகர் இப்போது ஈரோட்டிலும் சேலத்திலும் கூட்டம் போடுகிறார். அதே போட்டோக்கள், அதே பேக்கேஜ். உங்களில் யாராவது போவதாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். அந்த எம்.டி.103 பேப்பரையும் என் சரண்டர் லெட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.