மாடிக்கு வைஃபை: கேபிள் இழுக்காமல் இரண்டு ரவுட்டர்களை இணைக்க எந்த முறை சரி?

கீழ்த்தளத்து ஹாலில் ஃபைபர் இணைப்பு. மாடி அறைக்குப் போனால் சிக்னல் ஒற்றைக் கோடு. பரணில் பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதை மாடியில் வைத்துக் கீழே இருப்பதோடு காற்றுவழியே இணைக்க முடியும். டபிள்யூடிஎஸ் பிரிட்ஜ், ரிப்பீட்டர், டபிள்யூஐஎஸ்பி, மெஷ் என்று செட்டிங்ஸில் நான்கு பெயர்கள் கண்ணில் படும். வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். உள்ளே நடப்பது வேறு வேறு.

முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்: சிக்னல் இல்லாத அறையிலேயே இரண்டாவது ரவுட்டரைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். வராத சிக்னலை எதைக் கொண்டு நீட்டுவது? போனில் வைஃபை அனலைசர் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு நடந்து பாருங்கள். டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 65 டிபிஎம் அல்லது அதைவிட நல்ல அளவு கிடைக்கும் கடைசி இடம்தான் இரண்டாவது ரவுட்டருக்கு உரியது. மைனஸ் 80-ஐத் தொட்டால் எந்த முறையும் கைகொடுக்காது. கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் துளைத்துப் போக 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை திணறும். மாடிப்படி வழியாக எளிதாக ஏறும். அதனால் படிக்கட்டுத் திருப்பம் பல வீடுகளில் சரியான இடம்.

இனி டபிள்யூடிஎஸ். சாதாரண வைஃபையில் போனுக்கும் ரவுட்டருக்கும் இடையே ஓடும் தரவுச் சட்டகத்தில் (ஒரு தடவைக்கு அனுப்பும் தரவுப் பொட்டலம்) மூன்று முகவரிகள்தான் பயன்படும். ஒரு ரவுட்டர் தன் பின்னால் இருக்கும் டிவி, லேப்டாப்புக்கும் சேர்த்துப் பேச வேண்டுமானால் நான்காவது முகவரி தேவை. அதைக் கொடுப்பதுதான் டபிள்யூடிஎஸ். முறையாக அமைந்தால் மாடியும் கீழும் ஒரே நெட்வொர்க். கீழ் ரவுட்டரில் ஒவ்வொரு கருவியும் அதனதன் மேக் முகவரியோடு (கருவிக்குக் கருவி வேறுபடும் அடையாள எண்) தெரியும். சிக்கல், இதற்குப் பொதுவான சான்றிதழ் கிடையாது. சிப் தயாரிப்பவர் ஒவ்வொருவரும் தன் போக்கில் செய்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே பிராண்டாக, முடிந்தால் ஒரே மாடலாக இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

கீழ் ரவுட்டரின் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் எண்) 192.168.1.1 என்றால், மாடி ரவுட்டரைக் கணினியோடு லேன் கேபிளில் இணைத்து அதன் லேன் (வீட்டு நெட்வொர்க்) முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். கீழ் ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனலை (அது ஒலிபரப்பும் அலைத்தடம்) ஆட்டோவில் விடாமல் 1, 6, 11-இல் ஒன்றில் நிறுத்துங்கள். மாடி ரவுட்டருக்கும் அதே சேனல். பிறகு டபிள்யூடிஎஸ்-ஐ இயக்கி, கீழ் நெட்வொர்க்கைத் தேடிப் பிடித்து, பாஸ்வேர்டு கொடுங்கள். சில மாடல்களில் இரண்டு பக்கமும் மற்றதன் மேக் முகவரியைப் பதிய வேண்டியிருக்கும். இணைப்பு உறுதியானதும், கடைசி வேலையாக, மாடி ரவுட்டரின் டிஎச்சிபி-ஐ (கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் வசதி) அணையுங்கள். முன்கூட்டியே அணைத்துவிட்டு இணைப்பும் பிடிக்காமல் போனால், கணினிக்கு ஐபி கிடைக்காது, 192.168.1.50 போல ஒன்றைக் கையால் கொடுத்துத்தான் மறுபடி உள்ளே நுழைய முடியும்.

சேனலை ஆட்டோவில் விட்டால், ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் கீழ் ரவுட்டர் 6-இலிருந்து 11-க்குத் தாவும். மாடி பழைய சேனலிலேயே காத்துக்கொண்டிருக்கும். டிஎச்சிபி-ஐ அணைக்க மறந்தால் சில போன்கள் 192.168.1.2-ஐ கேட்வேயாக (இணையத்துக்குப் போகும் வாசலாக) எடுத்துக்கொள்ளும்: வைஃபை இருக்கிறது என்று காட்டும், நெட் வராது. கீழே டபிள்யூபிஏ3 என்ற பாதுகாப்பு முறையை மட்டும் வைத்திருந்தால் பழைய ரவுட்டர் அதைப் புரிந்துகொள்ளாது. டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றுங்கள்.

ரிப்பீட்டர் முறையில் மாடி ரவுட்டர் இன்னொரு போனைப் போலத்தான் கீழே இணைகிறது. பிராண்டு பொருந்த வேண்டியதில்லை. கீழ் ரவுட்டரில் எதையும் தொட வேண்டியதும் இல்லை. இணைய நிறுவனம் செட்டிங்ஸைப் பூட்டிக் கொடுத்த ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு என் தேர்வு இதுதான். ஆனால் மாடிக் கருவிகளின் மேக் முகவரிகள் கீழே போகும்போது மாறிவிடலாம். மேக் முகவரியைப் பார்த்துக் கருவிகளை அனுமதிக்கும் மேக் ஃபில்டரும், பிள்ளைகளின் போனுக்கு வைத்த நேரக் கட்டுப்பாடும் அதோடு குழம்பும்.

வேகத்தில் டபிள்யூடிஎஸ்-க்கும் ரிப்பீட்டருக்கும் ஒரே கதி. ஒற்றை ரேடியோ ஒரே சேனலில் கீழிருந்து வாங்கி அதையே மேலே திருப்பி அனுப்புகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. ஆகவே வேகம் பாதியாகும். பெட்டியில் 300 எம்பிபிஎஸ் என்று அச்சிட்ட 2.4 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டர் நிஜத்தில் 60 எம்பிபிஎஸ் கொடுத்தால், மாடியில் ஏறக்குறைய 30. வீடியோ பார்க்கப் போதும். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் இயங்கும் டூயல் பேண்ட் ரவுட்டர் என்றால் கீழோடு இணைக்க 5, போன்களுக்கு 2.4 என்று பிரித்துக் கொடுத்தால் இந்தப் பாதியிழப்பு இருக்காது. அந்த 5-க்கு 36 முதல் 48 வரையிலான சேனல் நல்லது. 52 முதல் 144 வரை ரேடார் சோதனைக்கு உட்பட்டவை. குறைந்தது ஒரு நிமிடம் கவனித்துவிட்டுத்தான் ரவுட்டர் ஒலிபரப்பத் தொடங்கும், ரேடார் இருப்பதாகத் தோன்றினால் சேனலை விட்டே விலகும்.

டபிள்யூஐஎஸ்பி முறையில் மாடி ரவுட்டர் கீழ் வைஃபையை வெளி இணைய இணைப்பு போல எடுத்துக்கொண்டு, மாடியைத் தனி நெட்வொர்க்காக்கிவிடும். வாடகை அறைக்குச் சரி. ஒரே குடும்பத்துக்கு வேண்டாம். மாடிப் போனிலிருந்து கீழ் டிவிக்கு காஸ்ட் செய்யப் பார்த்தால் டிவி பட்டியலிலேயே வராது.

மெஷ் என்பது பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்குவது. மெஷ் பெட்டிகளுக்குத் தனியாகச் செலவாகும், பழைய ரவுட்டர் பரணிலேயே கிடக்கும். நடந்துகொண்டே வீடியோ காலில் பேசினாலும் போன் அடுத்த பெட்டிக்குச் சட்டென மாறும். கொடுக்கும் காசு அதற்குத்தான். டூயல் பேண்ட் மெஷிலும் பெட்டிகளுக்கிடையே பேச அதே 5 கிகாஹெர்ட்ஸைப் பங்குபோட்டால் வேகம் குறையத்தான் செய்யும். பெட்டிகளுக்கென்றே ஒரு ரேடியோவை ஒதுக்கும் ட்ரை பேண்ட் மாடல்களில் அந்த இழப்பு குறைவு. ஏற்கெனவே இருக்கும் ரவுட்டருக்குப் பின்னால் வைப்பதானால் மெஷை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு (தனி நெட்வொர்க் உருவாக்காமல் வைஃபை மட்டும் தரும் முறை) மாற்றுங்கள்.

மின்கம்பி வழியே நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டரை மூன்று ஃபேஸ் வீட்டில் நம்பி வாங்காதீர்கள். இரண்டு பிளக்கும் ஒரே ஃபேஸில் இல்லாவிட்டால் இணைப்பு திணறும் அல்லது வரவே வராது. ஸ்பைக் பஸ்டரில் செருகினாலும் கெடும்.

பின்னாளில் மனம் மாறி கேபிள் இழுத்தால், லேனிலிருந்து லேனுக்குச் செருகும் முன் டபிள்யூடிஎஸ்-ஐ அணைத்துவிடுங்கள். இரண்டு பாதையும் திறந்திருந்தால் தரவு இரண்டுக்கும் இடையே சுற்றிச் சுற்றி ஓடும். போர்ட் விளக்குகள் நிற்காமல் மின்ன, வீட்டில் ஒரு கருவிக்கும் நெட் வராது.