கழுத்து லைனா, முழங்கை லைனா? ரத்தம் வேகமாக ஏற்ற எந்தக் கதீட்டர்

ராமேஸ்வரத்தில் பிரசவமான பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றால், பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் வர 50 கிலோமீட்டருக்கு மேல். மதுரை என்றால் இன்னும் 100 கிலோமீட்டருக்கு மேல். வந்து சேரும்போது கையில் ஒரே ஒரு பிங்க் வென்ஃப்ளான் (ரத்த நரம்பில் ஏற்றும் சின்ன பிளாஸ்டிக் குழாய்; நிறம் அதன் அளவைச் சொல்லும்) இருக்கும். மற்ற நரம்பெல்லாம் சுருங்கி உள்ளே போயிருக்கும். நான் மயக்க மருந்து மருத்துவன். ரத்தப் பை கையில் இருந்தும் அது உள்ளே இறங்கும் வேகம் போதாமல் தவித்த இரவுகள் எனக்கு உண்டு. அதனால்தான் கதீட்டர்களின், அதாவது நரம்புக்குள் விடும் குழாய்களின், இந்த ஒப்பீடு.

இந்தக் கரையோர ஊர்களில் தண்ணீர் லாரியில் குடம் பிடித்தவர்களுக்கு விஷயம் பாதி தெரியும். தடித்த, குட்டையான ஹோஸ் குடத்தை நொடியில் நிரப்பும். மெல்லிய, நீளமான ஹோஸ் பொறுமையைச் சோதிக்கும். இதற்கான கணக்கை 1840-களில் வெளியிட்டவர் பிரெஞ்சு மருத்துவர் புவாசே. குழாயின் உள் ஆரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் 16 மடங்கு; நீளம் இரண்டு மடங்கானால் ஓட்டம் பாதி. வேகம் கூடும்போது ஓட்டம் சுழலத் தொடங்குவதால் நடைமுறையில் முழு 16 மடங்கு கிடைக்காது. ஆனாலும் குட்டையும் அகலமும்தான் வெல்லும்.

முதலில் எல்லோரிடமும் இருக்கும் வென்ஃப்ளான். கம்பெனிக்குக் கம்பெனி மாறினாலும், தோராயமாக பிங்க்கில் நிமிடத்துக்கு 60 மில்லி, பச்சையில் 90 முதல் 100, சாம்பல் நிறத்தில் 180 முதல் 200, ஆரஞ்சில் 250-க்கு மேல் ஓடும். விலை குறைவு, யார் வேண்டுமானாலும் போடலாம். இரண்டு கையிலும் சாம்பல் நிறம் ஒவ்வொன்று கிடைத்துவிட்டால் பெரும்பாலான கேஸ்களுக்கு அதுவே போதும் என்பேன். சிக்கல் என்னவென்றால், ரத்தம் நிறைய போன பிறகு ஆரஞ்சு நுழைகிற நரம்பு கிடைப்பதில்லை.

அப்புறம் கழுத்தில் போடும் ட்ரிபிள் லூமன் சென்ட்ரல் லைன், அதாவது ஒரே குழாய்க்குள் மூன்று தனித் துளைகள் (லூமன்) உள்ள லைன். "பெரிய லைன்" என்ற பெயரே பலரை ஏமாற்றிவிடுகிறது. அதன் அகலமான லூமனே வழக்கமாக 16 கேஜ்தான், அதாவது சாம்பல் வென்ஃப்ளான் அளவு. நீளமோ 16 முதல் 20 சென்டிமீட்டர். வென்ஃப்ளான் 5 சென்டிமீட்டர்கூட இல்லை. கணக்குப்படி ஓட்டம் கால்வாசிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. மருந்துகளை ஓட்ட அது அருமையான லைன். ரத்தம் கொட்டும்போது அரைமணி நேரம் செலவழித்து அதைப் போடுவது தவறு என்றே நான் நினைக்கிறேன்.

அதே கழுத்தில் 8.5 பிரெஞ்சு ஷீத், அதாவது அகலமான உறைக்குழாய், போட்டால் கதையே வேறு. மூன்று பிரெஞ்சு ஒரு மில்லிமீட்டர். கதீட்டருக்கு இந்த எண் வெளிவிட்டம், ஷீத்துக்கு உள்விட்டம். ஆக உள்ளேயே 2.8 மில்லிமீட்டர். நீளம் சுமார் 10 சென்டிமீட்டர். ஓட்டத்தில் இதனோடு போட்டி போடுவது கஷ்டம். ஆனால் ரத்தம் இழந்தவரின் கழுத்து நரம்பும் சுருங்கியிருக்கும். பக்கத்திலேயே தமனி, கீழே நுரையீரல். அல்ட்ராசவுண்டும் பழகிய கையும் வேண்டும். தொண்டியிலோ ஏர்வாடியிலோ நள்ளிரவில் இரண்டும் சேர்ந்து கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போட முடியாது.

எலும்புக்குள் போடும் ஊசி, நரம்பே கிடைக்காதபோது உயிர் காக்கும். வேகத்துக்கு அது ஆகாது.

என் ஓட்டு, வேகமாக ஏற்றுவதற்கென்றே உள்ள ரேபிட் இன்ஃப்யூஷன் கதீட்டருக்கு. 7, 8.5 பிரெஞ்சு அளவுகளில் கிடைக்கிறது, மிகக் குட்டை. ஏற்கெனவே இருக்கும் பிங்க் வழியாக ஒரு கம்பியை விட்டு, பிங்க்கை உருவி, தோலில் சிறு கீறல் போட்டு, டைலேட்டரோடு (வழியை அகலப்படுத்தும் கூர்நுனிக் குழாய்) கதீட்டரைக் கம்பி மேலேயே ஏற்றுகிறோம். ஸ்வீடன் மருத்துவர் செல்டிங்கர் 1953-இல் வெளியிட்ட அதே கம்பி முறைதான். புதிதாக நரம்பு தேட வேண்டாம். ஆனால் புறங்கையின் சிறு நரம்பில் இதைச் செய்தால் நரம்பு கிழிந்து, ரத்தம் வெளியே கசிந்து, கையே வீங்கிவிடும். முழங்கை மடிப்பில் உள்ள பெரிய நரம்புதான் இதற்கு ஏற்றது. ஆம்புலன்ஸில் முதல் ஊசி போடும் தம்பி, தங்கைகளே, முடிந்தால் அங்கேயே போட்டு அனுப்புங்கள். அந்தச் சின்ன பிங்க்கைப் பெரிய லைனாக மாற்ற எங்களால் முடியும்.

இனி இப்படி ஒன்றை நம் ஊரில் வடிவமைக்க நினைக்கும் பொறியாளர்களுக்கு. சுவர் மெல்லியதானால் அதே துளைக்குள் அதிக இடம் கிடைக்கும். மிகவும் மெல்லியதானால் முழங்கை மடங்கும்போது குழாயும் மடியும். பாலியூரிதேன் உடல் சூட்டில் இளகி நரம்போடு வளைந்து கொடுக்கும், அது நல்லது. டைலேட்டர் நுனிக்கும் கதீட்டர் நுனிக்கும் இடையே படி இருந்தால் அங்கேதான் நரம்பு கிழியும்; உழைப்பு முழுவதையும் அந்த ஒரு இடத்தில் கொட்டலாம். ஹப்பின், அதாவது வெளியே செட்டை மாட்டும் தலைப்பகுதியின், துளையையும் கவனியுங்கள். 8.5 கதீட்டரில் குறுகலான த்ரீ-வேயை (மூன்று வழி வால்வு) மாட்டினால் ஓட்டம் த்ரீ-வேயின் அளவுக்கு இறங்கிவிடும்.

பெட்டியில் அச்சிடும் ஓட்ட அளவு தண்ணீரை வைத்துச் சோதித்தது. சிவப்பணுப் பை 2 முதல் 6 டிகிரி குளிரில் இருந்து வருகிறது. தண்ணீரைவிடக் கெட்டி, குளிரில் இன்னும் கெட்டி. சூடாக்காமல் வேகமாக ஏற்றினால் நோயாளியின் உடலும் குளிர்ந்து, ரத்தம் உறைவது கெடும். அதனால் வாங்கும் முன் நான் கேட்பது ஒன்றுதான்: வடிகட்டி உள்ள ரத்த செட், ரத்தத்தைச் சூடாக்கும் வார்மர், பையை அழுத்தும் பிரஷர் பேக், மூன்றையும் மாட்டி, நிமிடத்துக்கு எவ்வளவு ஓடுகிறது என்று காட்டுங்கள்.