பழையபேட்டை உருது டிடிபி கடை: எழுத்து அழகு, மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தே வாங்குங்கள்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உருதுக் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடித்துத் தரும் சின்னக் கடை. கொடுத்த வேலை, பிப்ரவரி 21 தாய்மொழி நாளுக்கு நாலு பக்க நோட்டீஸ்: இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் உருது. பாகிஸ்தானில் உருது தேசிய மொழியான வரலாறுதான் விஷயம்.

டைப்பிங்கில் குறை சொல்ல முடியாது. இன்பேஜ் என்ற உருது டைப்பிங் மென்பொருளில் நூரி நஸ்தலீக் எழுத்துரு. உருது படிப்பவர்கள் இந்தச் சாய்ந்த எழுத்துக்குத்தான் பழகியவர்கள்; அரபுக்குப் பயன்படுத்தும் நஸ்க் எழுத்தில் அடித்தால் கல்யாணப் பத்திரிகைகூட மதரசா பாடப் புத்தகம் மாதிரி இருக்கும். ஒவ்வொரு சொல்லும் மேலிருந்து சரிந்து இறங்குவதால் நஸ்தலீக்குக்கு இடம் நிறைய வேண்டும். தமிழ் 11 பாயிண்ட் என்றால் உருது 16 பாயிண்டாவது இருக்க வேண்டும். முதல் ப்ரூஃபில் தமிழுக்கு வைத்த வரி இடைவெளியையே உருதுவுக்கும் வைத்துவிட்டார்கள். மேல் வரிப் புள்ளிகள் கீழ் வரியில் வந்து விழுந்தன. உருது வரி இடைவெளியை 28 பாயிண்டுக்கு மாற்றியதும் சரியானது.

போனில் நீங்களே அடித்துக் கொண்டுபோவதாக இருந்தால் கீபோர்டு உருதுவில் இருக்கிறதா என்று பாருங்கள். அரபுக் கீபோர்டின் காஃப், யே எழுத்துகள் பார்வைக்கு ஏறக்குறைய உருது எழுத்துபோல இருந்தாலும் வேறு குறியீடு. அந்த எழுத்து மட்டும் கட்டமாகவோ வேறு எழுத்துருவிலோ துருத்திக்கொண்டு வரும். பழைய இன்பேஜ் கோப்பு, எல்லாச் செயலியிலும் படிக்க வரும் யூனிகோடு குறியீட்டில் இல்லை. அதிலிருந்து எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் குப்பைதான். பிடிஎஃப், யூனிகோடு இரண்டையும் கேட்டு வாங்குங்கள். '1948–1952' என்று கோடு போட்டு எழுதினால் உருதுப் பத்தியில் ஆண்டுகள் இடம் மாறி நிற்கும். 'முதல், வரை' என்று சொல்லாகவே எழுதச் சொல்லுங்கள்.

கோட்டை விட்டது மொழிபெயர்ப்பில். ஆட்சிமொழி, தேசிய மொழி என்று தமிழில் பிரித்துக் கொடுத்திருந்ததை உருதுவில் எல்லா இடத்திலும் 'கௌமி ஸபான்' ஆக்கிவிட்டார்கள். கௌமி ஸபான் தேசிய மொழி. ஆட்சிமொழிக்கு 'சர்காரி ஸபான்'. இந்த விஷயத்தில் இந்தக் குழப்பம் ஆகவே ஆகாது. 1948 மார்ச் 21 அன்று, பாகிஸ்தானின் அன்றைய கிழக்குப் பகுதியில் இருந்த டாக்காவில் ஜின்னா உருது மட்டுமே என்று சொன்னது ஆட்சிமொழியைப் பற்றி; அப்போது நாட்டில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வங்காளம் பேசியவர்கள். 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் வங்காளத்துக்காகப் போராடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து மாணவர்கள் உயிரிழந்தார்கள். 1956 அரசியல் சட்டம் உருது, வங்காளம் இரண்டையும் ஆட்சிமொழி என்றது. 1962 சட்டத்தில்தான் அந்த இரண்டும் 'தேசிய மொழிகள்' ஆயின. வங்கதேசம் பிரிந்த பிறகு வந்த 1973 சட்டத்தின் 251ஆவது பிரிவில் உருது மட்டும் தேசிய மொழியாக மிஞ்சியது. அரசு வேலைகளில் உருதுவைக் கொண்டுவர அதற்கு 15 ஆண்டு கெடு. 1988இல் கெடு முடிந்தும் ஆங்கிலம் நகரவில்லை. 2015இல் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றமே அதை நிறைவேற்றச் சொல்லி உத்தரவு போட வேண்டியிருந்தது. இங்கே ஆங்கிலத்தை விட்டு இந்திக்கு மாற வைத்த 1965 என்ற கெடுவைப் பார்த்த தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தி இந்தியாவின் ஆட்சிமொழி, தேசிய மொழி அல்ல என்று இங்கே எத்தனை முறை திருத்தியிருப்போம். அதே திருத்தம்தான் இந்த நோட்டீசுக்கும் தேவைப்பட்டது. சுட்டிக்காட்டியதும் முகம் சுளிக்காமல், கூடுதல் காசு கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்கள்.

இன்னொன்று, கடையில் எழுதுவது பாரசீகச் சொல் கலந்த புத்தக உருது. இந்தப் பக்கத்து வீடுகளில் 'நக்கோ', 'ஹௌ' என்று பேசும் தக்னி என்ற பேச்சு உருது வேறு. வயதானவர்களுக்குப் படித்துக் காட்டுகிற நோட்டீஸ் என்றால் 'எளிய நடை' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ப்ரூஃப் வந்த பிறகு சொன்னால் முழுவதையும் மறுபடி எழுதுவார்கள், கூலியும் இரட்டிப்பாகும்.

உருதுப் பக்கம் ஒன்றுக்கு 150 ரூபாய், மொழிபெயர்ப்புக் கூலி தனி. இரண்டு ப்ரூஃப் வரை இலவசம். ரம்ஜானுக்கு முந்தைய வாரங்களில் போகாதீர்கள், பத்திரிகை வேலை குவிந்து கிடக்கும். மடிக்கும் பக்கத்தையும் சொல்லிவிடுங்கள்: உருது மட்டும் உள்ள நோட்டீஸ் வலப்பக்கமிருந்து திறக்கும், இருமொழி என்றால் எந்தப் பக்கம் முன்னட்டை என்று எழுதியே கொடுக்க வேண்டும்.